ரிச்சர்ட் லூகரின் கடைசித் தேர்தல்



2006 நவம்பரில் அமெரிக்காவின் இண்டியானா மாநில மக்கள் ரிச்சர்ட் லூகரை ஆறாவது முறையாக செனட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அவர் குடியரசுக் கட்சிக்காரர். ஜெயிக்க வழியே இல்லை என்று தெரிந்து ஜனநாயகக் கட்சி அவரை எதிர்த்து ஆளையே நிறுத்தவில்லை. லூகருக்கு 87 விழுக்காடு ஓட்டு விழுந்தது. ஐந்தரை ஆண்டு கழித்து, 2012 மே 8ஆம் தேதி, அதே லூகர் தம் சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் 39 விழுக்காடு வாங்கித் தோற்றுப்போனார். எதிரே நின்றவர் 60 விழுக்காட்டைத் தாண்டிவிட்டார்.

இடையில் லூகர் எந்த ஊழலிலும் சிக்கவில்லை. கட்சி மாறவில்லை. மேடையில் வாய் தவறி எதையும் பேசி வம்பில் மாட்டிக்கொள்ளவும் இல்லை. அதற்கு முந்தைய 30 ஆண்டுகளும் எப்படி இருந்தாரோ அப்படியேதான் இருந்தார். அப்படியானால் 87 எப்படி 39 ஆயிற்று? ஒரு மூத்த அரசியல்வாதிக்குச் செல்வாக்கு இருக்கிறது என்கிறோமே, அது யாரிடம் இருக்கிறது, தேர்தல் நேரத்தில் யார் கையால் ஓட்டாகிறது? லூகரின் கதையை முன்வைத்து இதைத்தான் பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு நடைமுறையை விளக்கிவிடுகிறேன். நம் ஊரில் யாருக்கு சீட் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது. தலைமையின் தயவு இருந்தால் போதும். வேட்பாளர் பட்டியலில் பெயர் வந்துவிடும். அமெரிக்காவில் கட்சித் தலைமைக்கு அந்த அதிகாரம் கிடையாது. பொதுத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு பிரைமரி என்ற உட்கட்சித் தேர்தல் நடக்கும். கட்சியின் ஆதரவாளர்கள் பூத்துக்குப் போய், தங்கள் வேட்பாளர் யார் என்று ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களோ கட்சிப் பற்று மிகுந்தவர்கள், கோபமும் உறுதியும் உள்ளவர்கள். ஆறு முறை ஜெயித்த செனட்டரானாலும் ஏழாவது முறை அவர்கள் முன்னால் போய்த்தான் நிற்க வேண்டும். லூகருக்கு 1976க்குப் பிறகு பிரைமரியில் போட்டியே வந்ததில்லை. அடுத்த முறை வந்தபோது அவருக்கு வயது 80.

யார் இந்த லூகர்? இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்து, கடற்படையில் உளவுத் தகவல் அதிகாரியாகப் பணியாற்றி, ஊர் திரும்பிப் பள்ளி வாரியத்தில் தொடங்கியவர். 1968இல் அந்நகரின் மேயரானார். நகரையும் சுற்றியிருந்த மேரியன் கவுண்டியையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைத்தது அவருடைய முதல் பெரிய காரியம். 1974இல் செனட் தேர்தலில் நின்று தோற்றார், 1976இல் ஜெயித்தார்.

நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்திய-அமெரிக்க அணுசக்தி ஒத்துழைப்புக்கு வழிவிட்ட சட்டம் 2006 நவம்பரில், அவர் 87 விழுக்காடு வாங்கிய அதே மாதத்தில், செனட்டில் 85க்கு 12 என்ற கணக்கில் நிறைவேறியது. வெளியுறவுக் குழுவின் தலைவராக அதைக் கரைசேர்த்தவர் லூகர். அந்தக் குழுவில் ஜனநாயகக் கட்சித் தரப்பின் மூத்த உறுப்பினராக அவருக்குத் துணைநின்றவர் ஜோ பைடன். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவர் சேர்ந்து ஒரு காரியத்தை முடித்துக்கொடுப்பதுதான் லூகரின் தொழில்முறை என்றே சொல்லலாம்.

அதில் மிகப் பெரியது 1991இல் நடந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான அணுகுண்டுகள் ரஷ்யாவில் மட்டுமல்ல, உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் பெலாரஸிலும் கிடந்தன. காவல் நிற்கும் வீரனுக்குச் சம்பளம் வருமா என்பதே சந்தேகமாக இருந்த காலம். நேற்றுவரை எதிரியாக இருந்தவனுடைய ஆயுதத்தைப் பிரித்துப்போட நம் வரிப்பணத்தைத் தருவதா என்று வாஷிங்டனில் பலர் முகம் சுளித்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி செனட்டர் சாம் நன்னும் லூகரும் சக உறுப்பினர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசினார்கள். செனட்டில் 86 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் 8 பேர். பாதுகாப்பு நிதியிலிருந்து 40 கோடி டாலரை இதற்குத் திருப்ப அனுமதி கிடைத்தது. நன்-லூகர் திட்டம் என்று உலகம் அறிந்தது இதைத்தான். 1996க்குள் அந்த மூன்று நாடுகளும் அணு ஆயுதம் இல்லாதவை ஆயின. லூகர் பதவியை விட்டுப் போகும் காலத்துக்குள் 7,500க்கும் மேற்பட்ட அணுகுண்டுகள் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தன.

சட்டம் போட்டதோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. ஆண்டுதோறும் அந்த ஆயுதக் கிடங்குகளுக்கே போய்ப் பார்த்தார். சைபீரியாவின் மேற்கு ஓரத்தில் ஷ்சூச்சியே என்ற சிற்றூர். அங்கே ஒரு கிடங்கில் நரம்பைத் தாக்கும் நச்சு நிரப்பிய பீரங்கிக் குண்டுகள் ஏறக்குறைய 20 லட்சம் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு சிறிய கைப்பெட்டிக்குள் அப்படியொரு குண்டை வைத்து லூகர் படம் எடுத்துக்கொண்டார். ஒரு குண்டு ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும், ஒருவன் அதைக் கையில் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கும் போய்விடலாம் என்பதை விளக்க ஓர் அறிக்கையும் தேவைப்படவில்லை. அந்தப் படம் போதுமாக இருந்தது.

2005இல் இப்படியொரு பயணத்தில் அவர் கூட்டிக்கொண்டு போனவர் பராக் ஒபாமா. செனட்டுக்குப் புதிதாக வந்திருந்த இளைஞர், எதிர்க்கட்சிக்காரர். ரஷ்யாவின் பெர்ம் விமான நிலையத்தில் இருவரையும் மூன்று மணி நேரம் வெளியே விடாமல் நிறுத்திவைத்தார்கள். இந்தப் பயணத்தை ஒபாமா மறக்கவில்லை. 2008 அதிபர் தேர்தல் விவாதத்தில், யாருடைய ஆலோசனையைக் கேட்பேன் என்று சொல்லும்போது லூகரின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். லூகர் ஆதரித்தது தம் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்னைத்தான். ஆனாலும் ஒபாமாவின் விளம்பரங்களில் லூகர் வந்தார். 1964க்குப் பிறகு முதல்முறையாக ஒரு ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கு இண்டியானா கிடைத்தது, மிகக் குறுகிய வித்தியாசத்தில்.

அங்கிருந்துதான் காற்று திரும்பியது. 2009இலும் 2010இலும் டீ பார்ட்டி என்ற வலதுசாரி இயக்கம் குடியரசுக் கட்சியின் அடித்தளத்தை உலுக்கியது. ஒபாமாவோடு உடன்படுவதே துரோகம் என்ற மனநிலை. அந்த நேரத்தில் லூகர் என்ன செய்தார்? உச்ச நீதிமன்றத்துக்கு ஒபாமா நியமித்த சோட்டோமயோர், கேகன் இருவருக்கும் ஆதரவாக ஓட்டுப் போட்டார். அதிபர் நியமிப்பவர் தகுதியுள்ளவரானால் செனட் ஏற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 2010 டிசம்பரில், சிறுவயதில் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆவணமற்ற பிள்ளைகளுக்குக் குடியுரிமைக்கு வழிசெய்யும் ட்ரீம் மசோதாவை ஆதரித்தார். அதே மாதம் 22ஆம் தேதி ரஷ்யாவுடனான அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் 71க்கு 26 என்று நிறைவேறியபோது, தம் கட்சியினரைத் திரட்டிக் கொண்டுவந்தவர் அவர்தான். கட்சியில் எஞ்சியோரில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். இவற்றில் கடைசி இரண்டையும் பிரைமரிக்குப் பதினேழு மாதம் இருக்கும்போது செய்தார். விளைவு தெரியாமல் செய்தார் என்று நான் நம்பவில்லை.

அப்போது லூகரின் கூட்டாளிகள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஜார்ஜியாவில் நன். டெலவேரில் பைடன். வெள்ளை மாளிகையில் ஒபாமா. அரிசோனாவில் மெக்கெய்ன். உலகத் தலைநகரங்களில் எத்தனையோ பேர். 1986இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு எதிரான தடைகளை ரீகன் வீட்டோ செய்தபோது, சொந்தக் கட்சியின் அதிபரையே மீறி அந்த வீட்டோவை 78க்கு 21 என்று முறியடிக்க முன்நின்றவர் என்பதால், அந்த நாட்டில் அவரை மதித்தவர்கள். இவர்களில் ஒருவருக்கும் இண்டியானா பிரைமரியில் ஓட்டு இல்லை. கவர்னர் மிட்ச் டேனியல்ஸ் ஒருவர் இருந்தார். லூகரிடம் உதவியாளராக இருந்து வளர்ந்தவர், வெளிப்படையாக ஆதரித்தார். ஆனால் ஒரு கவர்னரின் அறிக்கையால் ஊர் ஊராக ஆள் திரட்ட முடியாது.

ஆள் திரட்டுகிறவர்கள் கவுண்டித் தலைவர்கள். இண்டியானாவில் 92 கவுண்டிகள். ஒவ்வொன்றிலும் கட்சிக்கு ஒரு தலைவர், அவருக்குக் கீழே பூத் பொறுப்பாளர்கள். நம் ஊர் ஒன்றியச் செயலாளர், வட்டச் செயலாளர் மாதிரி. வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள், கூட்டத்துக்கு நாற்காலி போடுகிறவர்கள், தலைவர் எப்போது நம் ஊருக்கு வருவார் என்று காத்திருக்கிறவர்கள். 2011 பிப்ரவரியில் மாநிலப் பொருளாளர் ரிச்சர்ட் மர்டாக், லூகரை எதிர்த்து நிற்கப் போவதாக அறிவித்தார். அறிவித்த அன்றே 92 பேரில் பெரும்பாலான தலைவர்களின் ஆதரவு அவர் கையில் இருந்தது. அந்தப் பட்டியலைப் பார்த்தவுடனே தேர்தல் பாதி முடிந்துவிட்டது என்பது என் கணிப்பு. விளம்பரங்கள், வெளியிலிருந்து பணத்தோடு வந்த கிளப் ஃபார் குரோத், துப்பாக்கி உரிமைக்கான என்ஆர்ஏ, முன்னாள் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் ஆதரவு எல்லாம் அதற்கு மேல் சேர்ந்தவை.

இந்தத் தலைவர்கள் எல்லோரும் தீவிரவாதிகள் அல்ல. பலர் லூகருக்காகப் பல தேர்தல்களில் உழைத்தவர்கள். அவர்கள் கை விட்டதற்குக் கொள்கை ஒரு காரணம். தூரம் இன்னொரு காரணம்.

வீட்டு விவகாரம் அந்தத் தூரத்தைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. செனட்டரானதும் 1977இல் லூகர் இண்டியானாபொலிஸ் வீட்டை விற்றுவிட்டு வாஷிங்டன் பக்கம் குடிபோனார். ஆனால் அதற்குப் பிறகும் 30 ஆண்டுகளுக்கு மேல் வாக்காளர் பட்டியலில் அவர் முகவரி விற்றுப்போன அந்த வீடுதான். ஓட்டுநர் உரிமத்திலும் அதே முகவரி. நாட்டுப் பணிக்காக வெளியே இருப்பவர் தம் இருப்பிட உரிமையை இழக்க மாட்டார் என்று மாநில அரசியலமைப்பு சொல்கிறது. அந்த அடிப்படையில் சட்டப்படி சரிதான் என்று மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர்கள் கருத்துச் சொல்லியிருந்தார்கள். சட்டம் அவர் பக்கம் இருந்திருக்கலாம். ஆனால் ஊருக்கு வரும்போது அவர் ஓட்டலில் தங்குகிறார் என்ற செய்தி சட்டத்தைவிட வேகமாகப் பரவியது. அந்த ஓட்டல் செலவில் ஒரு பகுதியை அரசுக் கணக்கில் எழுதியது தவறு என்று தெரிந்து, பணத்தைத் திருப்பிக் கட்டவும் நேர்ந்தது.

2012 மார்ச்சில் மேரியன் கவுண்டி தேர்தல் வாரியம், அந்த முகவரியில் லூகருக்கு ஓட்டுரிமை இல்லை என்று 2க்கு 1 கணக்கில் தீர்ப்பளித்தது. அந்த நகரின் மேயராக எட்டாண்டு இருந்தவர்! வாரியத்தில் அப்படி முடிவெடுத்த இருவரும் ஜனநாயகக் கட்சியினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில், அதே கவுண்டியில் இருந்த 604 ஏக்கர் குடும்பப் பண்ணையின் முகவரிக்குத் தம் பெயரை மாற்றிக்கொண்டு அவர் பிரைமரியைச் சந்தித்தார். சோளமும் சோயாவும் விளையும் நிலம், அவரே நட்டு வளர்த்த வால்நட் மரங்கள். அந்தப் பண்ணை முன்பிருந்தே அவர் குடும்பத்துடையதுதான். முப்பது ஆண்டுக்கு முன்பே அந்த முகவரியை எழுதிக் கொடுத்திருந்தால் எதிரிக்கு இந்த ஆயுதமே கிடைத்திருக்காது.

இதில் எனக்கு லூகர் மீது வருத்தம் உண்டு. சைபீரியக் கிடங்கில் குண்டுகளை எண்ணிய மனிதர், சொந்த ஊரில் பூத் பொறுப்பாளர்களின் மனநிலையை எண்ணிப் பார்க்கவில்லை. 87 விழுக்காடு அவரை ஏமாற்றியது. போட்டியில்லாத தேர்தலில் பிரச்சார இயந்திரம் ஓடாது. ஓடாத இயந்திரம் துருப்பிடிக்கும். ஒருவர் ஊர் மக்களிடமிருந்து விலகிப் போய்க்கொண்டிருக்கிறார் என்று எச்சரிக்கை செய்ய ஒரு நல்ல எதிரி தேவை. ஜனநாயகக் கட்சி அந்த எதிரியைக் கூடத் தராமல் மரியாதை செய்தது.

அதே 2012இல் இன்னொரு மூத்த செனட்டரும் இதே நெருப்பைக் கடந்தார். யூட்டா மாநிலத்தின் ஓரின் ஹாட்ச். 1977 ஜனவரியில் லூகரும் அவரும் ஒரே நாளில் செனட்டுக்குள் நுழைந்தார்கள். இருவருமே 18 ஆண்டு பதவியிலிருந்தவர்களைத் தோற்கடித்து வந்தவர்கள். 18 ஆண்டு இருந்தவரை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள் என்று பிரச்சாரம் செய்துதான் ஹாட்ச் ஜெயித்தார். பின்னாளில் ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடியோடு சேர்ந்து, 1997இல் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தவரும் அவர்தான். ட்ரீம் மசோதாவை 2001இல் ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பினோடு சேர்ந்து முதலில் கொண்டுவந்தவரும் அவரே.

2010 மே 8ஆம் தேதி, அதாவது லூகர் தோற்பதற்குச் சரியாக இரண்டு ஆண்டு முன்பு, யூட்டாவில் பிரைமரிக்கு முன் நடக்கும் கட்சி மாநாட்டில் ஹாட்சின் சக செனட்டர் பாப் பென்னட் தூக்கியெறியப்பட்டார். அவரும் மூத்தவர்தான், மதிக்கப்பட்டவர்தான். ஹாட்ச் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் ஒரு நாளையும் வீணாக்கவில்லை. யூட்டாவில் மாநாட்டுப் பிரதிநிதிகளை வட்டாரக் கூட்டங்களில் தேர்ந்தெடுப்பார்கள். பிரதிநிதிகள் மொத்தம் 4,000 பேர் அளவில். ஹாட்சின் ஆட்கள் ஊர் ஊராகப் போய்த் தங்களுக்கு வேண்டியவர்களை அந்தக் கூட்டங்களுக்கு வரவழைத்து, பிரதிநிதிகளாக்கினார்கள். செனட்டில் அவர் ஓட்டும் மாறியது. சோட்டோமயோரை அதற்கு முன்பே எதிர்த்திருந்தார், கேகனை எதிர்த்தார், ரஷ்ய ஒப்பந்தத்தை எதிர்த்தார். தாமே பெற்ற பிள்ளையான ட்ரீம் மசோதா ஓட்டுக்கு வந்த நாளில் அவைக்கு வரவில்லை. 2012 மாநாட்டிலேயே வேட்பாளராகத் தேவையான 60 விழுக்காட்டுக்கு மயிரிழை குறைந்ததால் பிரைமரிக்குப் போனார். அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கி எளிதாக ஜெயித்தார்.

ஹாட்ச் செய்ததில் பாதியை லூகர் செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஊர் ஊராகப் போனது, ஆள் சேர்த்தது, இரண்டு ஆண்டு முன்னதாகத் தொடங்கியது, இதில் எந்தக் கொள்கையும் பலியாகவில்லை. மறுபாதியை லூகர் செய்ய மறுத்ததற்காகவே அவர் மீது எனக்கு மதிப்பு. அணு ஆயுத ஒப்பந்தத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தால் அவருக்குச் சில ஆயிரம் ஓட்டுகள் மிஞ்சியிருக்கக்கூடும். இருபது ஆண்டு எந்த வேலைக்காக உயிரைக் கொடுத்தாரோ அந்த வேலையின் முதுகில் அவரே குத்தியவராகியிருப்பார்.

பிரைமரி நாள் வந்தது. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் ரிக் சான்டோரம் ஏப்ரலிலேயே விலகிவிட்டதால் ராம்னியின் வெற்றி உறுதியாகியிருந்தது. மேல்மட்டப் போட்டிக்காகப் பூத்துக்கு வரும் சாதாரண வாக்காளர்கள் வரக் காரணம் குறைந்துவிட்டது. இண்டியானாவில் வாக்காளர் கட்சியில் பதிவு செய்ய வேண்டியதில்லை. விரும்பிய கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கலாம். எனவே லூகரை மதித்த ஜனநாயகக் கட்சியினரும் சுயேச்சை மனப்பான்மையினரும் வந்து அவரைக் காப்பாற்றியிருக்க முடியும். லூகர் தரப்பு வெளிப்படையாகவே அவர்களை அழைத்தது. போதிய அளவில் வரவில்லை. மர்டாக் வந்தால் நவம்பரில் நம் ஆள் ஜோ டானலி ஜெயிக்க வழி உண்டு என்று கணக்குப் போட்டவர்களுக்கு வருவதில் லாபம் இல்லை. 36 ஆண்டாக அந்தப் பக்கத்தோடு கைகோத்து வேலை செய்தவருக்கு, அந்தக் கை தேவைப்பட்ட ஒரே நாளில் அது நீளவில்லை. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு மனம் கசக்கிறது.

தோல்வியன்று லூகர் ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டார். மர்டாக் நல்ல செனட்டராக வேண்டும் என்று விரும்புவதாகவும், ஆனால் வாஷிங்டனுக்கு இன்னும் அதிகக் கட்சி வெறியைக் கொண்டுபோவேன் என்ற குறிக்கோளை அவர் மாற்றிக்கொள்ளாமல் அது நடக்காது என்றும் எழுதினார். மர்டாக்கோ, இரு கட்சி ஒத்துழைப்பு என்றால் ஜனநாயகக் கட்சியினர் நம் கருத்துக்கு வந்து சேர்வதுதான் என்று தொலைக்காட்சியில் விளக்கம் தந்தார். அக்டோபர் 23 விவாதத்தில், வன்புணர்வால் உண்டாகும் கருவும் கடவுள் சித்தம் என்று பொருள்படப் பேசி மாநிலத்தையே அதிரவைத்தார். கிரைஸ்லர் கார் நிறுவனத்தை மீட்கும் ஏற்பாட்டை எதிர்த்து அவர் 2009இல் தொடுத்த வழக்கையும் கோகோமோ ஊர்த் தொழிலாளர்கள் மறக்கவில்லை. நவம்பரில் ராம்னி இண்டியானாவை 10 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். அதே நாளில், அதே மாநிலத்தில், மர்டாக் 44க்கு 50 என்று டானலியிடம் தோற்றார்.

பிரைமரியில் தோற்றவர் பொதுத் தேர்தலில் நிற்க இண்டியானா சட்டம் இடம் தராது. ஆகவே 87 விழுக்காடு கொடுத்த அந்தப் பெரிய வாக்காளர் கூட்டத்தின் முன் லூகர் மறுபடி போய் நிற்கவே முடியவில்லை. அவரைத் தோற்கடித்தது மாநிலம் அல்ல. மாநிலத்தின் ஒரு சிறு பகுதி. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடக் கூடாது.

அலாஸ்காவில் இதற்கு ஒரு மறுமொழி பிறந்திருக்கிறது. குடியரசுக் கட்சி செனட்டர் லிசா மர்கவ்ஸ்கி 2010 பிரைமரியில் லூகரைப் போலவே தோற்றார். ஆனால் அங்கே வாக்குச்சீட்டில் பெயரைக் கையால் எழுதி ஓட்டுப் போட முடியும் என்பதால், பொதுத் தேர்தலில் அப்படியே ஜெயித்தார். 2020இல் அம்மாநில மக்கள் முறையையே மாற்றினார்கள். எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பிரைமரியில் நிற்பார்கள், எல்லா வாக்காளர்களும் ஓட்டுப் போடுவார்கள், முதல் நால்வர் நவம்பருக்குப் போவார்கள், அங்கே விருப்ப வரிசைப்படி எண்ணிக்கை. 2022இல் மர்கவ்ஸ்கி இந்த முறையில் நின்றபோது, ஜனநாயகக் கட்சிக்கு முதல் ஓட்டுப் போட்டவர்களின் அடுத்த விருப்பம் அவருக்கு வந்து சேர்ந்தது, ஜெயித்தார். 2024இல் இந்த முறையை ஒழிக்க ஒரு வாக்கெடுப்பு நடந்தது. சில நூறு ஓட்டு வித்தியாசத்தில் முறை தப்பியது. இண்டியானாவில் இன்னும் பழைய பிரைமரிதான்.